கோட்டயம் வழியாக மதுரை

வேலைக்கு வந்து உட்கார்ந்ததும் கிருபாவதி முதலில் செய்வது, கைப்பையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட் பாட்டிலும் எடுத்துப் பேசும் குழலைத் துடைப்பதுதான். முந்தைய ஷிப்டில் இருந்தவர் வெற்றிலை போடுகிறவர். குழலின் ஓட்டைகளுக்குள் புகையிலை வாடை ஏறியிருக்கும். பஞ்சு காவி நிறத்தில் வரும். இன்னொரு பஞ்சு எடுப்பாள். அது வெள்ளையாகவே திரும்பி வரும்வரை ஹெட்செட்டை மாட்டமாட்டாள். அதற்குள் போர்டில் அழைப்பு வந்ததைக் காட்டுகிற மூடிகள் நாலைந்து விழுந்து, அந்தந்த நம்பர்காரர்கள் கடைகளில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள்.

"ஆரம்பிச்சுட்டாகய்யா அபிஷேகத்த" என்பார் சூப்பர்வைசர் பலவேசம்.

"உங்க வாயிக்கும் சேத்துத்தான் சார் பாட்டில் வாங்கியிருக்கேன். வேணுமா?" என்பாள் கிருபாவதி.

அவள் அல்லிநகரத்துப் பெண். அப்பாவுக்குத் தேனிக் கடைத்தெருவில் சாக்கு வியாபாரம். வியாபாரிகளின் பொய்யையும் சத்தியத்தையும் கேட்டு வளர்ந்தவள்தான். இருந்தும் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்த முதல் மாதம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம். தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடைத்தெரு ஊரில் எக்ஸ்சேஞ்ச். ஊரின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவர்களில் பலர் இன்னும் அங்கேதான் கடை வைத்திருக்கிறார்கள்.

எதிரே ஆள் நிற்கும்போது மனிதர்கள் கொஞ்சம் ஒழுங்காக இருப்பார்கள். டெலிபோனில் அந்தக் கூச்சம் இல்லை. வடையை மென்றுகொண்டே நம்பர் சொல்வார்கள். ஏப்பம் நேராகக் காதுக்குள் விழும். சளியைக் காறி எங்கோ துப்பிவிட்டு, "ஆங், சொல்லும்மா" என்பார்கள். மனைவியை ஏசுவது, வேலையாளை அடிப்பது, விக்கல், மூக்குறிஞ்சல் எல்லாம் அவள் காதுக்கு அரை அங்குலத்தில் நடந்தன. வீட்டுக்குப் போனதும் முதலில் காதைக் கழுவுவாள். அம்மா சிரிப்பாள். காது கழுவுகிற உத்தியோகத்தை அம்மா அதுவரை பார்த்ததில்லை.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். அவளால் சகிக்க முடியாமல் போனது ஏல நாள். கடைத்தெருவில் ஏலக்காயை ஏலம் விடுகிற நாள்.

போர்டிலிருந்து வெளியூருக்குச் செல்லும் வழிகள் குறைவு. மதுரைக்கு நேராக மூன்று லைன். மலைக்கு மேலே குமுளி ஏறிக் கோட்டயம் போகிற லைன் ஒன்று. அவ்வளவுதான். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் முதலில் அவளிடம் பதிவு செய்ய வேண்டும். வரிசை வந்ததும் அவள் இணைப்புக் கயிற்றை எடுத்து லைனில் சொருகிக் கொடுப்பாள். மூன்று நிமிடம் ஒரு கட்டம். அது முடிந்ததும் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டவா?" என்று கேட்பாள். சாதாரண அழைப்புக்கு ஒரு கட்டணம். அர்ஜெண்ட் என்றால் இரண்டு மடங்கு. வரிசையில் முன்னால் போகலாம். ஏல நாளன்று கடைத்தெருவில் பதிவாகிற அழைப்பெல்லாம் அர்ஜெண்ட்தான். எல்லாரும் முன்னால் போகக் கட்டணம் கட்டிய வரிசையில் யாரும் முன்னால் போவதில்லை. கட்டாதவர்கள் மட்டும் பின்னால் போவார்கள்.

ஏலக்காய் வியாபாரிகளுக்கு அன்றைக்கு விருதுநகர் விலையும் மதுரை விலையும் முற்பகலுக்குள் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது. பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியவும் கூடாது. அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். லைனை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வது.

வைகுண்டராஜ் என்பவர் அந்தக் கடைத்தெருவில் பெரிய கை. அவரும் அவருக்கு வேண்டிய நாலு கடைக்காரர்களும் சேர்ந்து காலையிலேயே பத்துப் பன்னிரண்டு அழைப்புகளை அர்ஜெண்டில் பதிந்துவிடுவார்கள். லைன் கிடைக்கும். ஒரு நிமிடத்தில் பேச்சு முடியும். முடிந்ததும் போனை வைக்கமாட்டார்கள். கணக்குப்பிள்ளை நல்லகண்ணு கையில் கொடுத்துவிட்டு முதலாளி டீ குடிக்கப் போய்விடுவார். லைனில் மௌனம் இருந்தால்தான் ஆப்பரேட்டர் வெட்டலாம். பேச்சு நடந்துகொண்டிருந்தால் வெட்டக் கூடாது என்பது விதி. ஆகவே நல்லகண்ணு பேசிக்கொண்டிருப்பார்.

"ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு."

மதுரையில் அந்தப் பக்கம் இன்னொரு கணக்குப்பிள்ளை "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டிருப்பார். ஏழாம் வாய்ப்பாடு முடிந்தால் எட்டு. எட்டு முடிந்தால் பதின்மூன்று. அது கொஞ்சம் கடினமாக இருப்பதால் நேரம் ஓடும். ஒரு அழைப்புக்கு உண்டான கட்டங்கள் தீர்ந்து அது முடிந்தால், வரிசையில் அடுத்து நிற்பதும் அவர்களுடைய பதிவுதான். மதுரைக்கான மூன்று லைனும் இப்படி முற்பகல் முழுக்க வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தன.

வெளியே பொது டெலிபோன் கூண்டின் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் சனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கிறவர்கள், லாரிக்குச் சொல்ல வேண்டியவர்கள், மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் என்னவென்று கேட்க வந்தவர்கள். கூண்டின் சுவரில் இடுப்பு உயரம்வரை வெற்றிலை எச்சில். மத்தியானத்துக்கு மேல் அவர்களுக்கு லைன் கிடைக்கும். அதற்குள் சிலர் எழுந்து போயிருப்பார்கள்.

"சார், வாய்ப்பாடு படிக்கிறதுக்கா கவர்மெண்ட்டு லைன் போட்டிருக்கு? வெட்டவா?" என்று கிருபாவதி பலவேசத்திடம் கேட்டாள்.

"பேச்சு நடக்குதுல்ல?"

"அது பேச்சா சார்?"

"என்ன பேசணும்னு நீயும் நானுமா சொல்றது? நீட்டச் சொன்னா நீட்டு. காசு கட்டுறாக."

அவர் சட்டையில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடைத்தெருவிலிருந்து பொட்டலம் வரும். மேசை இழுப்பறையில் கிடக்கும். உரித்து வாயில் போட்டுக்கொண்டே அவர் விதி பேசுவார். கிருபாவதிக்கு அந்த மணமே குமட்டத் தொடங்கிற்று. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பாயசம் வைத்தால் அவளுக்கு மட்டும் ஏலக்காய் போடாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

எழுபத்தேழிலோ எட்டிலோ, ஒரு சித்திரைத் திருவிழாவின்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா. மாநிலமே அங்கே வந்து நிற்பதுபோல் கூட்டம். தேனியிலிருந்து அவள் வருகிற பஸ்ஸைப் போலீஸார் வீரபாண்டிக்கு முன்னாலேயே மறித்து, வயல்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் திருப்பிவிட்டார்கள். பஸ் குலுங்கிற்று. ஒரு ஆள் சன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தான். காசு கொடுத்து ஏறியவனைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறாயா என்று எல்லாரும் கண்டக்டரை ஏசினார்கள். ஆனால் பஸ் போய்ச் சேர்ந்தது. நேர்ரோட்டில் மாட்டியிருந்த பஸ்கள் அன்று மத்தியானம்வரை வரவில்லை.

கிருபாவதி போர்டின் முன் உட்கார்ந்து, முற்பகல் முழுக்கச் சும்மா கிடக்கிற கோட்டயம் லைனைப் பார்த்தாள். எஸ்டேட்காரர்கள் சாயங்காலம்தான் அதில் பேசுவார்கள். அவள் கயிற்றைச் சொருகினாள்.

"எந்தா கிருபே, காலத்தே தன்னே?" என்று, என்ன காலையிலேயே வந்துவிட்டாய் என்கிற மாதிரிக் கேட்டது கோட்டயத்து ஆப்பரேட்டரின் குரல். பார்த்ததில்லை; குரல்தான் பழக்கம். இவள் அவரைச் சேச்சி என்பாள்.

"சேச்சி, எனக்கு மதுரை வேணும்."

"மதுரையோ? மதுரை நினக்கு வாசல்ல அல்லே கிடக்குது?"

"வாசல்ல ஆள் படுத்துக் கிடக்காக சேச்சி. கொல்லைப்பக்கமாப் போகணும்."

சேச்சி சிரித்துக்கொண்டே எர்ணாகுளத்தைக் கூப்பிட்டார். எர்ணாகுளம் கோயம்புத்தூரைக் கூப்பிட்டது. கோயம்புத்தூர் மதுரையைக் கூப்பிட்டது. மலையை ஏறி, இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியே திரும்பி வந்து, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கிற மதுரை கிடைத்தது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

அவள் முதலில் செய்தது தவறு. பெஞ்சில் காத்திருந்தவர்களை அந்தச் சுற்றுவழியில் அனுப்பினாள். பாவப்பட்ட சனங்கள், எந்த வழியிலாவது பேசட்டும் என்று நினைத்தாள். அவர்களால் பேச முடியவில்லை. கவர்மெண்ட்டுக் கட்டிடத்துக்குள் சத்தம் போடக் கூடாது என்பது அவர்கள் வளர்ப்பு. தாசில்தார் முன்னால் நிற்பதுபோல் கூண்டுக்குள் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியம்போல் பேசினார்கள். நாலு ஊர் தாண்டும்போது அந்தக் குரல் செத்துப்போயிற்று.

"சத்தமாப் பேசுங்கம்மா!"

"பேசுறேன் தாயி, பேசுறேன்" என்று இன்னும் தணிந்த குரலில் சொல்வார்கள்.

காசும் போய், சேதியும் போகாமல் திரும்பினார்கள். கிருபாவதி தன் மேலேயே அருவருப்புப் பட்டது அந்த வாரத்தில்தான். ஏழைக்கு ஒன்று கொடுப்பதென்றால் ஓட்டையானதைத்தான் எடுத்துக் கொடுக்கத் தோன்றுகிறது. தன் கையும் அப்படித்தான் போயிற்று.

சரியானது எது என்பது அவளுக்கு மொக்கம்மாள் வந்த நாளில் தெரிந்தது.

மொக்கம்மாளுக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். புருஷன் இல்லை. பன்னீர்த் திராட்சை பந்தலில் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பழுத்த கொத்தில் மழை விழுந்தால் ஒவ்வொரு பழமும் தோல் வெடித்துவிடும். மறுநாள் ஈ மொய்க்கும். அதற்கடுத்த நாள் தோட்டத்துக்குள் மூக்கை வைக்க முடியாது. மதுரை மண்டியிலிருந்து லாரி வருகிறது என்று உறுதியானால்தான் கொத்தை வெட்டலாம். வெட்டிவிட்டு லாரி வராவிட்டால் அதுவும் அழுகல்தான். மத்தியானத்துக்கு முன் சொல்லாவிட்டால் மண்டி லாரிகள் வேறு பக்கம் போய்விடும். மேற்கே மேகம் கட்டியிருந்தது. ஏல நாள்.

அவள் டவுன் பஸ்ஸில் காலையிலேயே வந்து பதிந்துவிட்டுப் பெஞ்சில் உட்காராமல் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்தா, எனக்கு இன்னும் வரலியா?"

"வரும் ஆத்தா."

"இதத்தான பஸ்ஸு வந்ததுல இருந்து சொல்லிக்கிட்டு இருக்க. வானத்த எட்டிப் பாரு. அது உன்னக் கேட்டா பெய்யும்?"

கிருபாவதி பார்க்கவில்லை. அவள் காதில் நல்லகண்ணு ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருந்தார். மற்ற இரண்டு லைனிலும் வேறு இரண்டு கணக்குப்பிள்ளைகள். ஒருவர் வாய்ப்பாடு அலுத்துப்போய் அன்றைய பேப்பரின் சினிமா விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். நல்லகண்ணு நடுவில் ஒரு முறை செருமி, திரட்டி, துப்பினார். பிறகு, "ஒம்பத்தெட்டு எழுவத்திரெண்டு" என்றார்.

அந்தத் துப்பலோடு கிருபாவதியின் பொறுமை போயிற்று. கட்டம் முடிந்த நேரம். "மூணு நிமிஷம் ஆச்சு" என்றாள்.

"நீட்டு, நீட்டு."

"நீட்ட கட்டம் இல்ல. இதோட முடிஞ்சது."

கயிற்றைப் பிடுங்கினாள். வரிசையில் அடுத்தது வைகுண்டராஜின் அர்ஜெண்ட். அதை எடுத்துக் கோட்டயத்தில் சொருகினாள். வரிசைப்படிதான் கொடுத்தாள், மதுரைதான் கொடுத்தாள். வழிமட்டும் வேறு. காலியான நேர்லைனைக் கூண்டுக்கு இழுத்தாள்.

"ஆத்தா, உள்ள போங்க. மதுரை பேசுது."

மொக்கம்மாள் கூண்டுக்குள் போய், எச்சில் சுவரில் சேலை படாமல் இடுக்கிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். நேர்லைனில் அந்தக் குரல் போதுமானதாக இருந்தது. மண்டிக்காரர் பெயர் ஆதித்தன். "லாரி இருக்குத்தா, பெட்டியோட ஏத்தி விடுறேன். நீங்க போயி வெட்ட ஆரம்பிங்க" என்றார். ஒரு கட்டம்கூட முழுதாக ஆகவில்லை. அவள் போனை வைத்தாள். போனை வைக்கிற சத்தத்தை ஏல நாள் முற்பகலில் கிருபாவதி அதுவரை கேட்டதே இல்லை.

அதே நேரம் கடைத்தெருவில் வேறொன்று நடந்தது.

வைகுண்டராஜுக்கு மதுரைத் தரகன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவர் குரலும் அவனுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கவர்மெண்ட்டுக் கட்டிடமும் இல்லை, கூச்சமும் இல்லை. கத்தினார்.

"மொத ரகத்த விடு! விடுங்கிறேன்! ரெண்டாம் ரகத்த வாங்கு! ஏலே, ரெண்டாம் ரகம்! சத்தமில்லாம அமுக்கி வாங்கு! சத்தமில்லாமங்கிறேன்லே!"

எதிர்க்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தராசை அப்படியே விட்டார். அடுத்த கடைக்காரர் வாசலுக்கு வந்தார். சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்டார்கள். சத்தமில்லாமல் வாங்கச் சொன்ன சேதி, ஏலம் கூவுவதற்கு முன்பே கடைத்தெரு முழுக்கப் போயிற்று. இரண்டாம் ரகத்துக்கு அன்றைக்கு இருந்த கிராக்கி அதற்கு முன் இருந்ததில்லை.

மத்தியானம் அவர் எக்ஸ்சேஞ்சுக்குள் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வாயில் வெற்றிலை.

"ஏம்மா, எந்த ஊருக்கு லைன் குடுத்த எனக்கு?"

"நீங்க கேட்ட ஊருக்குத்தான் அண்ணாச்சி."

"நடுவுல ஒருத்தி மலையாளம் பேசுதா!"

"நேர்ரோட்டுல கூட்டம் அண்ணாச்சி. உங்க ஆளுகதான் வாய்ப்பாடு படிச்சுக்கிட்டு இருந்தாக. அதான் சுத்திப் போச்சு."

"ஊரே கேட்டுச்சு நான் பேசுனத!"

"நான் கேக்கல அண்ணாச்சி. எனக்கு அந்நேரம் வேற சோலி இருந்துச்சு."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், வாய் நிறைந்திருந்தது. எங்கே துப்புவது என்று சுற்றிலும் பார்த்தார். பார்த்துவிட்டு, அறையின் மூலையிலேயே துப்பினார். பலவேசம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். அந்த மூலையைப் பார்க்கவில்லை.

"சார், அங்கன தொடைக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நான் எந்திரிச்சுப் போறேன்" என்றாள் கிருபாவதி.

அதற்குப் பலன், ஒரு மாதம் அவளை வெளியூர் அழைப்புக்கான ட்ரங்க் போர்டிலிருந்து எடுத்து உள்ளூர்ப் போர்டில் போட்டார்கள். கோட்டயம் வழியாக மதுரை என்பது வழித்தட அட்டையில் இல்லை என்றார் பலவேசம். ஆனால் அவளைத் திரும்பவும் ட்ரங்குக்குக் கொண்டுவரச் சொல்லி வந்தவர்கள் யார் என்று கேட்டால் அருவருப்பாக இருக்கும். வைகுண்டராஜுக்கு எதிர்க்கடைக்காரர்கள்தான் வந்தார்கள். மறுபடியும் அவர் கத்துவதைக் கேட்க வேண்டும் அவர்களுக்கு. ஒரு ஆள் அல்வாப் பொட்டலத்தோடு வந்து, "நீங்கதாம்மா நாயத்த நிலைநாட்டுனீக" என்றான். கிருபாவதி அல்வாவைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

மொக்கம்மாளின் லாரி அன்றைக்கே வந்துவிட்டது. கடைசிப் பெட்டி ஏறும்போது தூறல் தொடங்கிற்றாம். மறுநாள் அவள் ஒரு கூடைத் திராட்சையோடு வந்தாள். கிருபாவதி உள்ளூர்ப் போர்டில் இருந்தாள்.

"கொண்டு போங்க ஆத்தா. நான் வாங்க மாட்டேன்."

"நான் ஒண்ணும் ஏலக்கா யாவாரி இல்ல தாயி. தோட்டத்துப் பழம். வாயில போடு."

"அதுக்காகத்தான் வேண்டாங்கிறேன். நாளைக்கு இன்னொருத்தி கூடையோட வருவா."

மொக்கம்மாள் கூடையைப் பலவேசம் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் சாயங்காலம்வரை தின்றார். கொட்டைகளைத் தரையில் துப்பினார். எறும்பு வந்தது.

ஒரு வருஷத்தில் கிருபாவதியின் ஏற்பாடு வழக்கமாகிவிட்டது. யாரும் அனுமதி கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. மதுரை லைன் மூன்றில் ஒன்று எப்போதும் கூண்டுக்கு. மற்ற இரண்டிலும் இடம் கிடைக்காத வியாபாரி யாராக இருந்தாலும் மலை ஏற வேண்டியதுதான். வாய்ப்பாடு படித்துப் பிடித்தவனுக்கு அடுத்த அழைப்பு கோட்டயம். கத்தினால் ஊர் கேட்கும் என்பதால் வாய்ப்பாடு குறைந்தது. நல்லகண்ணுவை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். "உங்களால எனக்கு வேலப்பளு கொறஞ்சு போச்சும்மா" என்றார். அது நன்றியா புகாரா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த திராட்சைப் பருவம். அந்த வருஷம் எல்லாத் தோட்டமும் ஒன்றாகப் பழுத்தன. மறுபடியும் மேற்கே மேகம். ஏல நாளும் இல்லை. ஆனால் பெஞ்சு நிரம்பி, ஆட்கள் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் திராட்சைக்காரர்கள், எல்லாருக்கும் மதுரை மண்டி, எல்லாருக்கும் லாரி. முதல் பதிவு மொக்கம்மாளுடையது. விடிந்ததும் வந்திருந்தாள்.

கிருபாவதி நேர்லைனைக் கொடுத்தாள். கட்டம் முடிந்தது. குறுக்கே போனாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டவா?"

"நீட்டுத்தா."

இரண்டாவது கட்டம் முடிந்தது. "நீட்டுத்தா." பெஞ்சில் முணுமுணுப்பு. கிருபாவதி லைனில் காதை வைத்தாள்.

மண்டிப் பக்கத்தில் யாரும் இல்லை. போனை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தூரத்தில் மண்டியின் கூச்சல் கேட்டது. இந்தப் பக்கம் மொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கௌமாரி. சுருளி வேலப்பரு. எங்க கொல சாமி ஒச்சாண்டி. எங்க அய்யா பேரு சுருளியாண்டி. அவுக அண்ணன் பேரு..."

அவளுக்கு வாய்ப்பாடு தெரியாது.

நல்லகண்ணு காறித் துப்பியபோதுகூடக் கிருபாவதிக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. கயிற்றைப் பிடுங்கினாள்.

மொக்கம்மாள் கூண்டிலிருந்து சன்னலுக்கு வந்தாள்.

"எதுக்குத்தா வெட்டுன?"

"லாரி கெடச்சுதா இல்லையா?"

"ஒரு லாரிதான் இருக்காம். பாத்துச் சொல்றேன்னு ஆதித்தன் போயிருக்காரு. நான் விட்டா இந்தா உக்காந்திருக்காளே முருகம்மாள், அவ புடிச்சுருவா. அவ தோட்டம் எனக்கு அடுத்த தோட்டம்."

"போன வருசம் நீங்க இதே எடத்துல நின்னு அழுதீக ஆத்தா."

"அதுனாலதான். அழுதுதான படிச்சேன். யாவாரிகள வெட்டி எனக்குக் குடுத்த. உனக்கு வேண்டியவளுக்குக் குடுப்பேன்னு நெனச்சேன். வேண்டியவ இல்லியா நானு?"

"இல்ல" என்றாள் கிருபாவதி.

படியில் உட்கார்ந்திருந்தவர்கள் இதையெல்லாம் கேட்டார்கள். கூண்டை ஒட்டி உட்கார்ந்திருந்த முருகம்மாள் எழுந்து, கூண்டுக்குள் யார் யார் பேரைச் சொல்லி வரம் கேட்டாய் என்று மொக்கம்மாளைக் கேட்டாள். மொக்கம்மாள் அதற்கொரு பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. தலைமுடியைப் பிடித்துக்கொள்ள இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

"மொக்கம்மாள், உங்களுக்கு மறுபடியும் லைன் தாறேன். உள்ள போங்க" என்றாள் கிருபாவதி. கோட்டயத்தில் சொருகினாள். "சேச்சி, மதுரை."

"பின்னேயும் ஆள் படுத்துக் கிடக்குதோ?"

"இப்ப கூண்டுலயே படுத்துட்டாக சேச்சி."

மதுரை மண்டி கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மொக்கம்மாள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். ஆதித்தனுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக. கேட்கவில்லை. மேகம் இடித்தது. கவர்மெண்ட்டுக் கட்டிடம் என்பதை மறந்தாள்.

"லாரி! லாரி இருக்கா இல்லியா? பெரிய லாரியா? பாதி காலியாக் கெடக்குமா? என் பெட்டி ஏத்துனாலும் பாதிதான் நெறையுமா? மிச்ச எடத்த என்ன செய்வீக?"

படியில் இருந்த அத்தனை பேரும் கூண்டின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பெரிய லாரி ஒன்று வருகிறது. மொக்கம்மாள் தோட்டத்துப் பெட்டி ஏற்றினாலும் பாதி இடம் காலி. காலி இடத்தைச் சொல்லிக் கத்தியது அவளே. முருகம்மாள் கூண்டுக்குள் தலையை விட்டு, "எனக்குப் பதினஞ்சு பெட்டி!" என்று குழலைப் பார்த்துக் கத்தினாள். பின்னாலிருந்து இன்னொருத்தன் இருபது என்றான்.

"தள்ளுங்கடி! இது என் போனு!" என்றாள் மொக்கம்மாள்.

"உன் போனா? உங்க அய்யா சுருளியாண்டி வச்ச போனா?"

அன்றைக்கு அந்த லாரி நாலு தோட்டத்தில் நின்று நின்று ஏற்றிற்று. எல்லார் பழமும் கொஞ்சம் மதுரைக்குப் போயிற்று. எல்லார் பழமும் கொஞ்சம் பந்தலிலேயே நின்று மழையில் வெடித்தது. ஒருத்தி முழுதாகத் தப்பித்து மற்றவர்கள் முழுதாக அழுகியிருந்தால், தப்பித்த ஒருத்தியாவது கிருபாவதிக்கு ஒரு கூடை கொண்டுவந்திருப்பாள். பங்கு போட்டுத் தப்பித்தபோது நாலு தோட்டமும் சேர்ந்து அவளை ஏசின. மொக்கம்மாள் அடுத்த வாரம் பலவேசத்திடம் வந்து, அந்தப் பொம்பளைக்குச் சனங்களைக் கண்டாலே ஆகாது என்று வாய்மொழியாகப் புகார் சொன்னாள். அவர் ஏலக்காய் மென்றுகொண்டே கேட்டார்.

"கேட்டியா கிருபா? யாவாரியும் திட்டுறான், தோட்டம் வச்சிருக்க சம்சாரியும் திட்டுறான். யாருக்காகத்தான் இந்தச் சுத்துவழி போடுற?"

"வரிசைல அடுத்து நிக்கிறவுகளுக்கு சார்."

"அது யாரு?"

"தெரியல சார். பேர் கேட்டா அவுகளும் லைனப் புடிச்சுக்கிட்டு விட மாட்டாக."

எண்பதுகளின் நடுவில் அவள் தேனிக்கு மாற்றலாகிப் போகும்வரை அந்தப் போர்டில் மூன்றில் ஒரு மதுரை லைன் கூண்டுக்கென்றே இருந்தது. அவள் போன பிறகு அது எத்தனை நாள் நின்றது என்று விசாரித்தால், அங்கிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த ஏல நாள்வரைதான்.

மொக்கம்மாள் புகார் சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம், பெஞ்சில் ஒரு ஆள் மட்டும் இருந்தான். கையில் மருந்துச் சீட்டு. கிருபாவதி புதிதாக ஒரு பஞ்சு எடுத்து, குழலைத் துடைத்து, காவி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. இன்னொன்று எடுத்துத் துடைத்தாள். பிறகு நேர்லைனைக் கூண்டுக்கு இழுத்து, அவனை உள்ளே போகச் சொன்னாள். கட்டம் முடிவதற்குச் சற்று முன்னாலிருந்தே, அவன் போனை வைக்கிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.